மருந்துக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க



வண்ணமீன் வளர்க்க நம்மில் பல பேர் குழுக்கடன் வாங்கியிருக்கோம். ஒரு கோல்டு பிஷ் சுணங்கினாலே மனசு பதறும், மருந்து வாங்க ஓடத் தோணும். அதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க.

மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குதா? பெரும்பாலும் காற்று போதலை, இல்லேன்னா கழிவால் அம்மோனியா ஏறியிருக்கும். அன்றைக்குத் தீனியை நிறுத்துங்க. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை ஓட விடுங்க. குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்த பிறகுதான் ஊற்றணும்.

உடம்பில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஒட்டுண்ணி நோய். தொட்டி முழுக்கப் பரவும். அயோடின் கலக்காத கல் உப்பு, லிட்டருக்கு 3 கிராம் கணக்கில், 12 மணி நேரத்துக்கு ஒரு முறையாக மூன்று தவணையில் கரைத்து விடுங்க. அந்தத் தொட்டி வலையை அடுத்த தொட்டியில் போடாதீங்க.

வயிறு ஊதி, செதில் சிலிர்த்து நின்றால் பிழைப்பது கஷ்டம். உடனே தனியே எடுத்துடுங்க.

புதுசா வாங்கின மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைங்க. நோயுள்ள மீனை விலை குறைத்தும் விற்காதீங்க. ஒரு தடவை ஏமாந்தவங்க நம்ம குழுகிட்ட திரும்ப வர மாட்டாங்க.