டேப் என்னும் ஆங்கில வினையும் தோட்டத்துத் தமிழும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் அளவிற் சிறியது. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகளால் ஆன ஒரு வினைச்சொல். தமிழில் அதனை ‘டேப்’ என்று எழுதுகிறோம். அளவு நாடாவையும் ஒட்டு நாடாவையும் அப்படியே எழுதுகிறோம். ‘டாப்’ என்று எழுதினாலோ உச்சி என்னும் பொருள்படும் வேறோர் ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. இச்சொல்லின் நடு உயிர் தமிழில் இல்லாத ஒலி, ஆதலின் இக்குழப்பம். இவ்வுரையில் ‘டேப்’ என்பது வினையையே குறிக்கும்.

இந்நாட்டுத் தமிழருள் மிகப் பலருடைய முன்னோர் எத்தொழிலுக்காகக் கடல் கடந்து வந்தனரோ, அத்தொழிலின் ஆங்கிலப் பெயர் இவ்வினையிலிருந்து பிறந்தது. துரைமார் அதனை டேப்பிங் என்றனர். நம்மவர் பால் வெட்டு என்றனர். இவ்விரண்டில் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அன்று. அஃது ஏன் என்பதே நம் வினா.

இரண்டு வேர்கள்

ஒரே எழுத்துகளால் எழுதப்படினும் ஆங்கிலத்தில் இவை இரண்டு சொற்கள். முதலாவது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் துளையை அடைக்கும் மரமுளைக்கு அது பெயர். முளையை நீக்கி மதுவை ஒழுகவிடுதல் அதன் வினை. இடச்சு, ஜெர்மன் மொழிகளிலும் இதற்கு உறவுச் சொற்கள் உள. வீட்டு நீர்க்குழாயின் திருகுக்கு இப்பெயர் வந்ததும் இவ்வழியே. முளை நீக்கி மது ஊற்றுபவளை டேப்ஸ்டர் என்றனர். அதன் ஈற்றில் உள்ளது பழைய பெண்பால் விகுதி. நூல் நூற்பவள் என்னும் பொருளில் தோன்றிய ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லிலும் அவ்விகுதியே உளது. இரவில் மதுக்கடைகளை மூடுமாறு இடச்சுப் படைமுகாம்களில் முரசறைந்தனர். ‘முளையை அடை’ என்பது அம்முரசின் பெயர். அப்பெயரே ஆங்கிலத்தில் திரிந்து, படையினரின் இசை அணிவகுப்பைக் குறிக்கும் டாட்டூ ஆயிற்று. உடலிற் குத்தும் பச்சையைக் குறிக்கும் டாட்டூ, பாலினீசிய மொழிகளிலிருந்து வந்த வேறு சொல்.

இரண்டாவது சொல் பிரெஞ்சு வழி வந்தது. மெல்லத் தட்டுதல் அதன் பொருள். ஓசையைப் போலச் செய்து பிறந்த சொல் என்பர். நம் ‘தட்டு’ என்பதும் ஓசையோடு ஒத்து நிற்கிறது. அதனைக் கொண்டு தமிழிலிருந்தே பிரெஞ்சுக்காரர் கடன் பெற்றனர் என்று முழங்குதல் ஆய்வாகாது. ஓசைவழிச் சொற்கள் தொடர்பற்ற மொழிகளிலும் ஒத்த உருவில் தோன்றும்.

சுங்கச் சாவடியில் அட்டையைத் தொடுவிப்பது இவ்விரண்டாம் சொல். மரத்திற் பால் எடுப்பது முதற்சொல்.

மரம் பீப்பாய் ஆன கதை

ரப்பர் வருவதற்கு முன்பே ஆங்கிலேயர் மரத்துக்கும் இவ்வினையை வழங்கினர். வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்தைத் துளைத்து, சிறு குழாய் செருகிச் சாறு எடுத்தனர். அங்கே உவமை பொருந்தியது. இந்தியாவுக்கு வந்தபோது கள் எடுப்பதையும் அவ்வாறே அழைத்தனர். தமிழில் அது பாளை சீவுதல், கள் இறக்குதல். முன்னது கத்தியின் தொழிலைக் கூறும். பின்னது மரத்தின் உயரத்தை உள்ளடக்கி நிற்கும். ஆங்கிலத்துக்கோ எல்லா மரமும் பீப்பாய்.

மலாய் நாட்டில் பாலுக்காக மரத்தைத் தொட்டது ரப்பரில் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிடக் கெட்டாபெர்ச்சா என்னும் பிசின் தேவைப்பட்டது. அதற்காகக் காட்டு மரங்களைச் சாய்த்தே பால் வடித்தனர். ஒரு முறை எடுத்தால் மரம் இல்லை. பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டம் வழியாக 1877இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்துக்குக் கேடில்லாமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே காயத்தை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1909இல் ஜோகூர் இருப்புப்பாதை நிறைவுற்றது. லாபிஸ் உள்ளிட்ட ஊர்கள் அப்பாதையில் அமைந்தன.

அம்முறையில் முளையும் இல்லை, துளையும் இல்லை. உளி கொண்டு இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாய்வாகச் சீவ வேண்டும். பால்நாளங்கள் மரத்தில் சற்றே எதிர்ச்சாய்வில் ஓடுவதால், இச்சாய்வே மிகுதியானவற்றைத் திறக்கும். ஒரு முறைக்குச் சீவும் பட்டை ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர். உள்ளிருக்கும் வளர்படையில் உளி பட்டால் மரம் புண்ணாகும். விடியுமுன் தொடங்குவது, வெயில் ஏறினால் பாலோட்டம் குறைவதால்.

வெட்டு என்னும் வினை

இத்தொழிலுக்கு மலாயர் வைத்த பெயர் மெனோரே. கீறுதல் என்பது பொருள். சீனர் அறுத்தல் என்னும் பொருளுள்ள சொல்லை வைத்தனர். நம்மவர் வெட்டு என்றனர். மூவரும் கையையும் கருவியையும் பார்த்தனர். ஆங்கிலம் ஒழுகும் நீரைப் பார்த்தது. யார் உளி பிடித்தார், யார் கணக்குப் பார்த்தார் என்பது சொல்லிலேயே தெரிகிறது.

தமிழ்ச்சொல்லில் மேலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டாம் வேற்றுமை ஏற்கும் பொருள்களை ஆக்கல், அழித்தல், அடைதல் முதலாக நன்னூலார் வகுக்கிறார். ‘மரத்தை வெட்டினான்’ என்றால் அழித்தல். ‘கிணற்றை வெட்டினான்’ என்றால் ஆக்கல். வெட்டுண்டது மண், உண்டானது கிணறு. ‘பால் வெட்டினாள்’ என்பதில் வெட்டுண்டது பட்டை, கிடைத்தது பால், ஆதலின் அடைதல். ‘அவர் மரம் வெட்டப் போயிருக்கிறார்’ என்று தோட்டத்தில் சொன்னால், தமிழகத்திலிருந்து வந்தவர்க்கு அது மரத்தைச் சாய்க்கும் வேலை. இங்குள்ளோர்க்கு அது நாளை மறுநாளும் அதே மரத்திடம் திரும்பும் வேலை. அழித்தல் வினையை அடைதல் வினையாக்கியவர் இலக்கணம் படித்தோர் அல்லர். எழுதத் தெரியாதவரும் அவர்களுள் மிகப் பலர்.

கொச்சை வழக்குகள்

ஆங்கிலப் பேச்சு வழக்கில் ஒருவரிடம் நயந்து பணம் பெறுவதும் டேப்தான். மனிதரும் பீப்பாய் ஆகிவிட்டனர். தமிழில் ‘அவரிடம் நன்றாகக் கறந்துவிட்டான்’ என்கிறோம். ஆங்கிலேயர்க்கு மதுக்கடை, நமக்கு மாட்டுத் தொழுவம். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தந்திக் கம்பியிற் கிளைக்கம்பி சேர்த்துச் செய்தியை உறிஞ்சினர், அதுவும் டேப். பிறர் பேச்சை மறைந்து கேட்பதற்குத் தமிழில் ஒட்டுக்கேட்டல் என்பது முன்னரே உண்டு. தொலைபேசி வந்ததும் அதுவே போதுமானதாயிற்று.

இக்காலத்தில் இளைஞர் ‘கார்டை டேப் பண்ணு’ என்கின்றனர். இதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் நமக்கு உடன்பாடில்லை. பிறமொழி வினையோடு ‘பண்ணு’ சேர்த்து வழங்குவது உயிருள்ள பேச்சின் இயல்பு. அட்டையைத் ‘தட்டு’ என்றாலும் எல்லார்க்கும் விளங்கும். நாம் அஞ்சுவது வேறு. அட்டைக்கும் டேப், பணத்துக்கும் டேப், ஒட்டுக்கேட்டலுக்கும் டேப், மரத்துக்கும் டேப் என்றாகும்போது, தட்டு, கற, ஒட்டுக்கேள், வெட்டு என்னும் நான்கு வினைகளின் வேலையை ஒன்று எடுத்துக்கொள்கிறது. சொல் கூடுவதில் இழப்பில்லை. வேறுபாடு மறைவதில் உண்டு.

எஞ்சியிருப்பன

1980களின் இறுதி வரை உலகில் ரப்பர் விளைவிப்பதில் முதலிடம் வகித்த நாடு இது. இன்று இவ்வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தொலைவும் செம்பனை. தோட்டத் தொழிலாளர் பெரும்பாலும் பிற நாட்டவர். உளி, மங்கு, கட்டிப்பால், கோட்டுப்பால், நிரை, பெரட்டு ஆகிய சொற்களைத் தம் கைப்பழக்கத்தால் அறிந்தோர் முதுமை எய்திவிட்டனர். இவற்றுள் மங்கு என்பது கிண்ணத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லோடு உறவுடையது. பெரட்டு, படையினரின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. அதிகாலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட முறை முழுவதும் அவ்வொரு சொல்லில் இருக்கிறது.

அகராதி தொகுப்போர் பெரிதும் ஏட்டிலும் அச்சிலும் கண்டவற்றையே திரட்டினர். தோட்டத்துச் சொற்களோ வாயிலும் கையிலும் இருந்தன. ஆதலின் அவற்றைத் திரட்டும் பொறுப்பு நமக்கு உரியது. ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவரைப் பாட்டியிடம் அனுப்பும்போது, ‘இதற்கு என்ன பெயர்’ என்று மட்டும் கேட்கச் சொல்லாதீர்கள். ‘எப்படி வெட்டினீர்கள், காட்டுங்கள் பாட்டி’ என்று கேட்கச் சொல்லுங்கள். கை அசையும்போது சொல் தானே வரும். அதனை வாக்கியத்தோடும், தோட்டத்தின் பெயரோடும், ஆண்டோடும் எழுதி வைக்கட்டும். பள்ளிக்கு ஒரு குறிப்பேடு போதும். நூறு குறிப்பேடுகள் சேர்ந்தால் மலேசியத் தமிழின் தொழிற்சொல் அகராதிக்கு அடித்தளம் ஆகும். அதனைத் தொகுத்து அச்சேற்ற இம்மன்றம் முன்வர வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.