மழலையும் மணியும் உடன் வரும்போது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியச் சுவை பொழிந்த இம்மேடையில், விடுமுறை நாளில் குழந்தைகளோடும் நாயோடும் வெளியே செல்வதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் எங்களைப் பணித்தார்கள். பொருள் சிறிது, ஆயினும் அதனால் விளையும் இன்பமும் இடரும் சிறியன அல்ல.

தில்லியில் வாழும் நமக்குக் கோடை விடுமுறை ஊருக்குச் செல்லும் காலம். குளிர்கால விடுமுறையோ வெயிலைத் தேடிப் பூங்காவுக்குச் செல்லும் காலம். சென்ற ஆண்டு பொங்கலை அடுத்த ஞாயிறன்று, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு குடும்பத்தினர் கட்டுச்சோற்று மூட்டைகளுடன் லோதி பூங்காவுக்குச் சென்றோம். சையித், லோதி மரபினரின் கல்லறை மாடங்களைச் சூழ்ந்த அப்பூங்கா 1936-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. எங்கள் வீட்டு நாய் மணியும் உடன் வந்தது. தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய் அது.

உணவு முடிந்தது. மணியை ஒரு மரத்தடியில் கட்டி, அதன் பங்கை வைத்தோம். பெரியவர்கள் ஊர்க்கதைகளில் ஆழ்ந்தோம். மூன்று வயதுப் பேத்தி ஒருத்தி, உண்டுகொண்டிருந்த மணியின் கழுத்தை அன்போடு கட்டிக்கொண்டாள். மணி முகத்தைத் திருப்பியது, உறுமியது, விலக முயன்றது, கயிறு விடவில்லை. அடுத்த நொடி குழந்தையின் கையில் பல் பட்டுக் குருதி கசிந்தது.

எங்களிடையே இருந்த ஓய்வுபெற்ற செவிலி அம்மையார் மட்டும் கலங்கவில்லை. குழந்தையைக் குழாயடிக்கு எடுத்துச் சென்று, பதினைந்து நிமிடம் சோப்பிட்டு, ஓடும் நீரில் காயத்தைக் கழுவினார்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், மருத்துவர் குறித்த நாள்களில் எல்லாம் குழந்தைக்கு ஊசி போடப்பெற்றது. வெறிநாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ நம் கையில் உள்ளது. 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அளித்த அச்சிகிச்சையின் பயனை நம் நாட்டு மக்களுக்கு வழங்கவே, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பெற்றது. மஞ்சளும் மிளகாயும் அப்பிக் காலங்கடத்தும் வழக்கம் நம்மிடையே இனி வேண்டா.

அன்று மாலை, “யமுனைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றனர் சிலர். நாங்களும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். இரவில் எண்ணிப் பார்த்தபோதுதான் வெட்கம் வந்தது. மணி மும்முறை எச்சரித்தது. அந்த மொழி குழந்தைக்குத் தெரியாது. தெரிந்த நாங்கள் அங்குப் பார்க்கவே இல்லை. குழந்தை செய்தது அன்பு. நாய் செய்தது அச்சம். பிழை செய்தவர்கள் நாங்கள். மணியை நாங்கள் விட்டுவிடவில்லை.

விடுமுறை என்பது அலுவலுக்கு ஓய்வு. கவனத்துக்கு ஓய்வு அன்று. ஆகவே உங்கள் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் தொடலாகாது எனக் குழந்தைகளுக்குக் கற்பியுங்கள். எத்துணைச் சாதுவான நாயாயினும் மழலையுடன் தனியே விடாதீர்கள். உலர்ந்த திராட்சை, சாக்லேட், வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். நம் சர்க்கரைப் பொங்கலும் வெங்காய வடையும் அதற்கு விருந்தல்ல. கோடையில் பூட்டிய காருக்குள் குழந்தையையோ நாயையோ ஒரு கணமும் விட்டுச் செல்லாதீர்கள்.

ஊருக்குப் புறப்படும்போது நாயைத் தெருவில் விட்டுப் போவோரும் உளர் என்பதைச் சொல்லவே நாக் கூசுகிறது. ரயிலில் குளிர்வசதி முதல் வகுப்பின் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகப் பெற்றால் நாயையும் உடன் அழைத்துச் செல்லலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் அதற்கெனக் கூண்டு உண்டு. நெடும்பயணம் அதற்கு ஒவ்வாதெனின், அண்டை வீட்டார் முறைவைத்துப் பேணலாம். உறவினரை விட்டுத் தொலைவில் வாழும் நாம் ஒருவர்க்கொருவர் உதவாவிடின் சங்கம் எதற்கு?

இவ்வாண்டும் அதே பூங்காவுக்குச் சென்றோம். மணிநேரத்துக்கு ஒருவராகப் பெரியவர்கள் காவலிருந்தோம். குழந்தை பந்தை எறிந்தாள். மணி எடுத்து வந்தது. உணவு வேளையில் அவளே சற்று எட்ட நின்று, “மணி சாப்பிடுகிறது, யாரும் கிட்டப் போகாதீர்கள்” என்று எங்களுக்கு ஆணையிட்டாள்.

நாங்கள் கற்ற பாடத்தை அவள் எங்களைவிட நன்றாகக் கற்றிருக்கிறாள்.