சபையின் மௌனம்

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம்மவர் நாவிற் பழகிய வாக்கு. பெண் பார்க்கும் வீட்டிலே அது ஓரளவு பொருந்தலாம். அங்கும் முற்றாகப் பொருந்துமோ என்பதைப் பெண்களைக் கேட்டாற்றான் தெரியும். ஆனால், பலர் கூடித் தொழில் புரியும் ஒரு சங்கத்தையோ பணிமனையையோ அந்த வாக்கைக் கொண்டு அளப்பது பெரும் பிழை.

சாவகச்சேரிக்கு அயலிலே, தென்மராட்சிக் கிராமம் ஒன்றிற் கூட்டுறவுச் சங்கக் கூட்டம் நடப்பதாக நேயர்கள் எண்ணிக்கொள்ளலாம். தலைவர் கணக்கறிக்கையை வாசித்து முடித்து, “ஆட்சேபம் உண்டோ?” என்று வினவுகிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்று காரியதரிசி கூட்டக் குறிப்பிலே பதிகிறார். சபை கலைகிறது. வெளியே மாமரத்தடியில், சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும்போதுதான் உண்மையான கூட்டம் தொடங்குகிறது.

“உரம் பிந்தி வந்ததைப் பற்றி ஏன் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை?”

“போன முறை கேட்டதற்குக் குழப்பக்காரன் என்ற பெயர்தான் மிச்சம், தம்பி.”

அந்த அண்ணர் அச்சத்தாலோ அறியாமையாலோ வாய் மூடியவர் அல்லர். பேசினால் வரும் நட்டம் உறுதி. பேசுவதால் வரும் பயன் ஐயம். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தே அவர் வாளாவிருந்தார்.

இந்நாட்டிற் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911ஆம் ஆண்டிற் பிறந்தது. அதன் வழியெழுந்தவற்றை யாழ்ப்பாணத்தார் ஐக்கிய நாணய சங்கம் என்று வழங்கினர். அவற்றின் பொறுப்பு வரையறையற்றது. ஒருவர் பட்ட கடன் தீராவிடின் ஏனைய அங்கத்தவரின் உடைமையும் அதற்கு ஈடாகும். ஆகவே கடன் கேட்பவர் புகையிலைத் தோட்டத்துக்குக் கேட்கிறாரா, கலியாணச் செலவுக்குக் கேட்கிறாரா என்று விசாரிப்பது ஊர்வம்பு அன்று. தன் காணியைக் காக்கும் வழி. அங்கே வாய் மூடியிருப்பதற்கு விலை உண்டு. எனினும், அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. சாதியும் அந்தஸ்தும் யார் முன்னே அமர்வது, யார் ஓரத்தில் நிற்பது என்று வகுத்த சபைகளில், ஓரத்தில் நின்றவரின் குரல் எந்தக் கூட்டக் குறிப்பிலும் ஏறியிராது.

1957இல் பலநோக்குச் சங்கங்கள் தோன்றின. 1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்கள் பல ஒன்றாக்கப்பட்டுப் பெருஞ் சங்கங்களாயின. முதலும் தேர்ந்த ஊழியரும் இல்லாமற் சிறியவை இடருற்றமையால், இம்மாற்றத்துக்குத் தக்க காரணம் இருந்தது. ஆயின் சொல் நடக்க வேண்டிய தூரம் நீண்டுவிட்டது. அங்கத்தவரின் குறை கிளைக்குழுவுக்குப் போய், பிரதிநிதிகள் கூடும் பொதுச்சபைக்குப் போய், நெறியாளர் வழியாகப் பொது முகாமையாளரை அடைதல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் செய்தி சிறிது உதிர்கிறது. கசப்பான பகுதியே முதலில் உதிர்கிறது. சங்கக்கடையில் அரிசி நிறுப்பவர், வாடிக்கையாளர் மூட்டையைப் பார்த்து முகஞ் சுளித்துத் திரும்புவதைக் காலையிலேயே காண்கிறார். முகாமையாளரோ மாத முடிவில் விற்பனை குறைந்த பின்பே, அதுவும் இலக்கமாகவே அறிகிறார்.

அமெரிக்காவிலே, சிக்காகோவுக்கு அண்மையில் உள்ள ஹோதோர்ன் என்னும் இடத்துத் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையில், 1924 முதல் 1932 வரை புகழ்பெற்ற ஆராய்ச்சிகள் நடந்தன. வெளிச்சத்தைக் கூட்டினால் வேலை கூடுமோ என்ற சிறு வினாவிலே தொடங்கி, அவை மனித மனத்தில் வந்து நின்றன. 1928 முதல் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தனித்தனியே பேட்டி கண்டனர். முதலில் வகுத்த வினாக்களையே கேட்டனர். தொழிலாளரோ வினாவை விட்டுத் தம் மனத்தில் உள்ளதையே சொல்ல முற்பட்டனர். வினாத்தாளைக் கைவிட்டு அவர் போக்கிலே பேசவிட்டபின், அரைமணிப் பேட்டி ஒரு மணிக்கும் மேலாக நீண்டது. அவ்வாராய்ச்சியின் முடிவுகளைப் பின்வந்த அறிஞர் பலர் மறுத்துள்ளனர். அதனினும் முக்கியமான குறை ஒன்றுண்டு: குறையைச் சொன்ன தொழிலாளருக்கு அதை மாற்றும் அதிகாரம் இருக்கவில்லை. மனப்பாரம் இறங்கிற்று, பலருக்கு அவ்வளவே.

கூட்டுறவு அங்கத்தவரின் நிலை வேறு. அவர் தம் சங்கத்துக்கு உடைமையாளர். பங்கு எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது, 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து முன்னோடிகள் கைக்கொண்ட முறை. இத்துணை உரிமையுடையவர் மாமரத்தடியிற் பேசிவிட்டு வீடு திரும்புவாராயின், அதற்குச் சபை நடக்கும் முறையையே ஆராய வேண்டும். யாழ்ப்பாணத்தில் இவ்வியக்கத்தை வளர்த்தோருட் பலர் ஆசிரியர். வீரசிங்கம் மண்டபம் எவர் பெயரால் விளங்குகின்றதோ, அவரும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவரே. ஒழுங்கும் கணக்கும் ஆசிரியர் தந்த கொடை. ஒருவர் பேச ஏனையோர் கேட்டிருக்கும் வகுப்பறைப் பழக்கமும் அவற்றோடு கூடவே சபைக்குள் நுழைந்ததோ என்று ஐயுற இடமுண்டு.

தலைவர் தம் கருத்தை முதலிற் சொல்லிவிட்டால், அதன்பின் எழும் ஒவ்வொரு சொல்லும் ஒன்றில் வழிமொழிதல், அன்றேல் எதிர்ப்பு. படையினரின் விசாரணை மன்றங்களில் இளையவரே முதலில் வாக்களிக்கும் வழக்கம் இதனைக் கண்டே எழுந்தது. சங்கத்திலும் கடை ஊழியரும் கடைசி வாங்கில் இருப்பவரும் முதலிற் பேசட்டும். “ஆட்சேபம் உண்டோ?” என்ற கேள்வியை விடுத்து, “இம்மாதம் சங்கத்தால் உமக்கு நேர்ந்த இடைஞ்சல் யாது?” என்று பெயர் சொல்லி வினவலாம். அடுத்த கூட்டத்திலே, கணக்கறிக்கைக்கும் முன்னதாக, சென்ற முறை சொல்லப்பட்ட குறை என்னவாயிற்று என்பதையே தலைவர் முதல் விடயமாக வாசிக்கட்டும். தீராத குறையாயின், தீராமைக்குரிய காரணத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.