துருப்பிடித்த மேனிஃபோல்டும் நம்ம வீட்டு முற்றமும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் உள்கடன் வசூல் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தின கூட்டத்தில் பதிவேடு எழுதுவது பற்றிப் பேசினோம். இன்றைக்கு லோடு வண்டி பற்றிப் பேசப் போகிறோம். "வண்டி ரிப்பேர் ஆம்பளைங்க வேலையாச்சே, நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். சிரிக்கலாம். ஆனால் ஒரு கேள்வி. வண்டிக் கடனுக்குத் தீர்மானம் போட்டு, கையெழுத்துப் போட்டது யார்? மாதாமாதம் தவணை கட்டுவது யார்? நாம்தான். அப்படியானால் அந்த வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது நமக்குத் தெரிய வேண்டாமா?

2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊரில் அதைக் "குட்டி யானை" என்று கூப்பிட்டோம். அதற்குப் பிறகு சின்ன லோடு வண்டிகளும் பிக்கப்புகளும் கிராமம் கிராமமாக வந்துவிட்டன. குழுக்கடன் வாங்கிப் பழைய வண்டி எடுத்த குழுக்களும் நம்மிடையே இருக்கின்றன. அப்படி ஒரு குழுவில் நடந்ததைத்தான் சொல்ல வந்தோம். குழுவின் பேர் வேண்டாம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அவர்கள் எடுத்தது பழைய டீசல் பிக்கப். காலையில் சாத்தூருக்குக் காய்கறி போகும். மத்தியானம் வீடுகளில் சுற்றிய வெறும் காகிதக் குழாய் மூட்டைகளை ஏற்றிப் போகும். ஓட்டுவது பொருளாளரின் மகன். கொஞ்ச நாளாக அந்தத் தம்பி, "தலை வலிக்குதும்மா, கிறுகிறுன்னு வருது" என்று சொல்லியிருக்கிறான். வெயிலில் ஓட்டுகிறான், சாப்பாடு சரியில்லை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். வண்டியை வெள்ளனத் தூக்கத்திலிருந்து எழுப்புவது மாதிரி ஸ்டார்ட் செய்தால் "டிக் டிக்" என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சத்தம் குறைந்துவிடும். அதனால் அதையும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

மெக்கானிக் பார்த்துவிட்டு, "எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வெடிச்சிருக்கு. நட்டெல்லாம் துருப்பிடிச்சிருச்சு. மாத்தணும்" என்றார்.

மேனிஃபோல்டு என்றால் என்ன? அடுப்புக்குப் புகைபோக்கி மாதிரி, இன்ஜினுக்கு முதல் புகைபோக்கி அது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் சூடான புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டு. பாரம் ஏற்றி ஓடும்போது அதன் சூடு 400 டிகிரிக்கு மேல்கூடப் போகும். அந்தச் சூட்டில் பெயிண்ட் நிற்காது. அதனால் மேலே செம்பழுப்பாகத் துரு பூக்கும். அந்த மேல் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது எல்லா வண்டியிலும் உண்டு. பயப்பட வேண்டியது மூன்றுக்கு: வெடிப்பு, ஊதிப்போன கேஸ்கட், அரித்து மெலிந்த ஸ்டட். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் புகை சைலன்சருக்குப் போகாமல் வழியிலேயே கசியும். கசியும் இடத்தில் கரி படிந்து கறுப்புக் கோடு தெரியும். குளிர்ந்த இன்ஜினில் டிக் டிக் கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் வெடிப்பு மூடிச் சத்தம் குறையும். சத்தம் குறைந்தது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

அந்தத் தம்பிக்கு வந்த தலைவலிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. சின்ன லோடு வண்டிகள் பலவற்றில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. இன்ஜின் முன்னால் இருக்கும் பிக்கப்பிலும், தரையில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக் கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தூக்கம். டீசல் வண்டியில் பெட்ரோலைவிட அது குறைவுதான், இல்லாமல் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் அறிவித்தது. ஆகவே டிரைவர் தலைவலி என்று சொன்னால், தைலம் தேய்ப்பதோடு விடாமல் வண்டியையும் பாருங்கள்.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருவோம்.

டவுன் பட்டறையில் விட்டால் நாலு நாள் வண்டி நிற்கும், கூலியும் அதிகம். தலைவி வீட்டு முற்றத்திலேயே வைத்து மாற்றிவிடலாம் என்று குழு முடிவெடுத்தது. தப்பில்லாத முடிவுதான். அன்றைக்கு நாங்களும் பதிவேடு பார்க்க அங்கே போயிருந்தோம். மெக்கானிக் தம்பி ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தார். நட்டு அசையவில்லை. "கேஸ் வச்சுச் சூடு பண்ணுனா அஞ்சு நிமிஷத்துல வந்துரும்" என்று சிலிண்டரை இறக்கினார். நாங்கள் நோட்டைப் புரட்டிக் கொண்டிருந்தோம்.

அப்போது ஒரு அம்மா கத்தினார். பட்டாசு ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். "தம்பி, அதைப் பத்த வைக்காத! மொதல்ல எந்திரிச்சு இங்கிட்டு வா!"

"அஞ்சு நிமிஷ வேலைம்மா" என்றார் அவர்.

"நம்ம ஊருக்கு அஞ்சு நிமிஷம் எதுக்குப்பா? அஞ்சு செகண்டு போதும்" என்றார் அந்த அம்மா.

முற்றத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் பக்கத்து வீட்டு மதினி கூலிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த திரி மூட்டை இருந்தது. அது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வண்டிக்கும் கொட்டகைக்கும் பத்தடிகூட இல்லை. கேஸ் ஜுவாலையின் சூடு மிக அதிகம். காகிதமும் கந்தகமும் பற்றிக் கொள்ள ஏறத்தாழ 230 டிகிரி போதும். மெக்கானிக் தம்பி சிலிண்டரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எங்களுக்கும் கை நடுங்கியது. நாங்கள் படித்தவர்கள், பாதுகாப்புப் பற்றிப் பயிற்சி கொடுப்பவர்கள். ஆனால் அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை, அந்த அம்மாவுக்குத் தோன்றியது. இதை மறைக்காமல் சொல்வதுதான் முறை.

மதினியை நாங்கள் திட்டவில்லை. வயிற்றுப்பாட்டுக்குத்தான் கொண்டுவந்தார். ஆனால் உரிமம் இல்லாத வீட்டில் திரியோ மருந்தோ வைப்பது சட்டப்படி குற்றம். கூலி எவ்வளவு சின்னது, ஆபத்து எவ்வளவு பெரிது என்று உட்கார்ந்து பேசினோம். அன்றே மூட்டை திரும்பிப் போனது. அவருக்குக் குழுவிலிருந்து ஆட்டுக்கடன் கொடுப்பதாகத் தீர்மானம் எழுதினார்கள்.

2016 அக்டோபர் 20-ஆம் தேதி சிவகாசியில் நடந்தது நமக்கு மறக்காது. பட்டாசுக் கிடங்கில் வேனில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலையின்போது தீப்பிடித்தது. பக்கத்துக் கட்டடம் ஸ்கேன் சென்டர். புகை அங்கே நுழைந்து, குறைந்தது எட்டுப் பேர் இறந்தார்கள். மூச்சுத் திணறித்தான் அவர்களில் பெரும்பாலோர் போனார்கள். ஸ்கேன் எடுக்க வந்தவர்களுக்கும் பட்டாசுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. வண்டி, சரக்கு, பக்கத்து வீடு, இந்த மூன்றும் நம் ஊரில் ஒட்டியே இருக்கின்றன. அதனால்தான் மற்ற ஊரில் சாதாரணமான வேலை நம் ஊரில் சாதாரணம் இல்லை.

சரி, பிறகு அந்த நட்டை எப்படிக் கழற்றினார்கள்? வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே களத்துமேட்டில் நிறுத்தினார்கள். தீ வைக்காமல், மூன்று நாள் பொறுமையாகச் செய்தார்கள். அந்த முறையைக் குறித்துக் கொள்ளுங்கள். நீங்களே ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. செய்பவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

1. இடம். சுற்றிலும் திரி, மருந்து, காகிதக் குழாய், வைக்கோல் எதுவும் இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

2. இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒரு ராத்திரி விடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

3. துரு இளக்கும் எண்ணெயை நட்டில் அடித்து ஊற விடுங்கள். சாயங்காலம் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, இரண்டு மூன்று நாள். அந்த எண்ணெயும் பற்றும். சூடான இரும்பில் அடிக்கக் கூடாது, பீடி பக்கத்தில் வரக் கூடாது.

4. ஒரேயடியாகத் திருகாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஸ்பேனரில் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் ஸ்டட் ஒடியும்.

5. ஒடிந்தாலும் பதற வேண்டாம். அந்தக் குழுவிலும் ஒன்று ஒடிந்தது. அதை லேத் பட்டறைக்காரரிடம் விட்டுவிட வேண்டும், வீட்டில் குடைந்து பார்க்கக் கூடாது. டர்போ உள்ள வண்டி என்றால் முதலிலேயே பட்டறைதான்.

6. மேனிஃபோல்டு கனமானது. கடைசி நட்டைக் கழற்றும்போது இன்னொருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

7. பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, முகத்தைக் கட்டிக்கொண்டு சுரண்ட வேண்டும். ஊதக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

8. புதுக் கேஸ்கட், புது ஸ்டட், புது நட்டு போடுங்கள். பழையதை மிச்சம் பிடித்தால் அடுத்த வருஷம் திரும்ப இதே வேலை. எல்லா நட்டையும் முதலில் கையால் மாட்டி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும்.

9. முதலில் ஸ்டார்ட் செய்யும்போது, பட்ட எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகை வரும். திறந்த வெளியில் ஓட விடுங்கள். டிக் டிக் சத்தம் போயிற்றா, புதுக் கறுப்புக் கோடு வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். தீபாவளி நெருங்கினால், "ஒரு நடை பட்டாசுப் பண்டல் ஏத்திக்கிட்டுப் போம்மா, வாடகை ரெட்டிப்பா தர்றேன்" என்று வருவார்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்கு ஸ்பார்க் அரெஸ்டர், அதாவது புகையோடு தீப்பொறி வெளியே வராமல் தடுக்கும் சாதனம், கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 சொல்கின்றன. டிரைவருக்கும் தனிப் பயிற்சியும் லைசென்சில் பதிவும் வேண்டும். அதற்கு மேல் வெடிபொருள் விதிகள் 2008 இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் சிவகாசியிலேயே வெடிபொருள் பாதுகாப்புத் துறை அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். இதெல்லாம் இல்லாத வண்டியில், அதுவும் மேனிஃபோல்டு கசியும் வண்டியில், பண்டல் ஏற்றுவது கொள்ளிக்கட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பது மாதிரி. ரெட்டிப்பு வாடகை வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் இப்போதே எழுதி வையுங்கள். அப்போதுதான் ஆசை வரும்போது கை தடுக்கும்.

அந்தப் பிக்கப் இப்போது ஓடிக் கொண்டிருக்கிறது. தம்பிக்குத் தலைவலி இல்லை. வண்டி மூன்று நாள் நின்றதில் வாடகை போனது உண்மைதான். அதைச் சொல்லி ஒரு உறுப்பினர் கூட்டத்தில் வருத்தப்பட்டார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலோடு முடித்துக் கொள்கிறோம். "மூணு நாள் வாடகைதானே போச்சு. மூணு தெரு இருக்குல்ல?"

வண்டி வைத்திருக்கும் குழுக்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ன சத்தம் கேட்டது என்று எழுதிக் கொண்டு வாருங்கள். நம் வீட்டில் யார் என்ன வேலை செய்தாலும், "நிறுத்துப்பா" என்று சொல்லும் உரிமை நம்மில் கடைசி உறுப்பினருக்கும் உண்டு. அந்த உரிமையைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள்.