எங்கள் கொல்லையில் பீட்ரூட்



இலக்கியம் பேச வல்லார் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராயிருக்கும் எங்களையும் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். ஹடப்சரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்புறம் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள கொல்லை ஒன்று உண்டு. அதில் பீட்ரூட் விளைத்த வரலாற்றையே கூற விழைகின்றோம்.

பீட்ரூட்டின்மீது எங்களுக்கு நாட்டம் பிறந்ததற்குக் காரணம் எங்கள் மூத்த மகள். மூன்றாண்டுகளுக்கு முன் அவள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். சோதித்ததில் ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். அது குமட்டுகிறது என்று அவள் ஒதுக்கியபோது நாங்கள் வற்புறுத்தவில்லை. செந்நிறக் கிழங்கு இரத்தத்தை ஊறச் செய்யும் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தோம். அதையே நம்பி விதை வாங்கினோம்.

அது ஆடி மாதம். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது நம்மவர் வழக்கம் அன்றோ? ஆனால் ஹடப்சரில் ஆடி என்பது மழையின் நடுக்காலம். கரிசல் மண் சேறாயிற்று; முளைகள் அழுகின; தப்பிய சிலவற்றின் இலைகளிலும் புள்ளி விழுந்தது.

அடுத்த வீட்டு மராத்தி மூதாட்டியை நாங்கள் 'ஆஜி' என்றே அழைப்போம். அவர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். 1879-இல் கட்டி முடித்த கடக்வாசலா அணையின் கால்வாய் இவ்வழியே செல்கின்றது. அந்நீரால் இப்பகுதி முழுதும் காய்கறித் தோட்டமாயிருந்த நாளில் அவர் குடும்பமும் பயிர்த்தொழில் செய்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி மகர்பட்டா உழவர் குடும்பங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை ஒன்றுகூட்டி நகரமாக்கியதைத் தாங்கள் அறிவீர்கள். நிலம் போனாலும் பட்டம் ஆஜிக்கு மறக்கவில்லை. "தசரா கழியட்டும்; குளிரில் விளையும் பயிர் இது" என்றார்.

அவ்வாறே ஐப்பசியில் மீண்டும் தொடங்கினோம். கரிசல் மண் இறுகினால் கிழங்கு பருக்காது. ஆதலின் ஓரடி ஆழம் கொத்தி, மணலும் நன்கு மக்கிய எருவும் கலந்து மேட்டுப்பாத்தி அமைத்தோம். மக்காத எருவிட்டால் கிழங்கு கவைத்துப் போகும். விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில், வரிசைக்கு வரிசை ஓரடி விட்டு ஊன்றினோம்.

எட்டாம் நாள் முளை கண்டபோது எங்கள் எழுத்தர் புத்தி தடுமாறிற்று. பார்சல் ஏட்டில் எத்தனை பொதி பதிந்தோமோ அத்தனைதான் இருக்கும். இங்கோ ஒரு விதை ஊன்றிய இடத்தில் மூன்று, நான்கு முளைகள்! நாம் விதை என எண்ணுவது உண்மையில் பல விதைகள் ஒட்டிய காய்க்கொத்து. நான்கு விரற்கடைக்கு ஒரு செடி நிறுத்தி மற்றவற்றைக் களைந்தாக வேண்டும். எங்களுக்கோ கை எழவில்லை. முளைத்ததைப் பிடுங்க மனம் வருமா? பத்து நாள் பொறுத்துப் பார்த்த ஆஜி, தாமே உள்ளே வந்து பிடுங்கிக் குவித்தார். அவர் கை எட்டாத மூலையில் மட்டும் கிழங்குகள் சுண்டுவிரல் பருமனிலேயே நின்றுவிட்டன.

நீரை ஒரே சீராக விடவேண்டும். காயவிட்டுப் பின் பெருக்கி விட்டால் கிழங்கு வெடிக்கும். எழுபதாம் நாள், மண்ணுக்கு மேல் தோள் தெரிந்து, எலுமிச்சையினும் சற்றுப் பெரிதாயிருக்கையில் பறித்தோம். பெரிதாகட்டும் என்று நிறுத்தியவை நார் பாய்ந்து போயின. தழையைக் கத்தியால் ஒட்ட அறுத்தால் வேகும்போது சாறு வடிந்து நிறம் போய்விடும். இரண்டங்குலக் காம்பு விட்டுத் திருகி எடுப்பதே முறை.

மகள் நாள்தோறும் உண்டாள். ஒரு நாள் சிறுநீர் சிவந்து போகவே, நடுங்கி மருத்துவரிடம் ஓடினோம். அது கிழங்கின் சாயமே, தீங்கில்லை என்றார் அவர். ஆனால் இரத்தத்தைச் சோதித்ததில் அதே 8 கிராம். நூறு கிராம் கிழங்கில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லையாம். நாங்கள் குப்பையில் எறிந்த தழையில் அதைப்போல் மூன்று மடங்காம். தழையும் மாத்திரைக்கு ஈடாகாது என்று அவர் கண்டிப்பாய்ச் சொன்னார். ஐந்து மாதம் வீணாக்கிய குற்றம் எங்களுடையதே. பின்னர் மாத்திரையை உணவுக்குப்பின் தவறாது கொடுத்தோம். நான்கு மாதத்தில் 12 கிராம் ஆயிற்று.

பீட்ரூட்டை நாங்கள் விட்டுவிடவில்லை. கிழங்கு பொரியலாகிறது, ஆஜி சொன்னபடி தயிரும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் சேர்த்துக் கோசிம்பீராகவும் ஆகிறது. தழை பருப்போடு கூட்டாகிறது. இவ்வாண்டும் தசரா கழிந்ததும் விதைத்தோம். பாத்தி அமைப்பவள் எங்கள் மகள். களைந்து பிடுங்கும் வேலை மட்டும் இன்னும் ஆஜியுடையதே.