நாணயக் கண்காட்சிகளில் நான் கண்டது

(மைசூரில் நடந்த நம் சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மாசா மாசம் பென்ஷன் வரது. இந்த மனுஷர் எதுக்குப் பெட்டியைத் தூக்கிண்டு ஊர் ஊரா காசு விக்கப் போறார்?" என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. அப்படிக் கேட்டவர்களில் சிலர் இங்கே முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். செயலாளர், "அந்தக் கேள்விக்குப் பதிலாகவே பேசிவிடுங்கள்" என்றார். பேசுகிறேன்.

நான் பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரசுப் பணியில் காலம் கழித்தவன். சிறு வயதில் தொடங்கிய காசு சேர்க்கும் பழக்கம், ஓய்வுக்குப் பின் சிறு வியாபாரமாயிற்று. என் மேஜையில் ஆறாம் ஜார்ஜ் காலத்துக் காசுகளும் சுதந்திர இந்தியாவின் காசுகளும்தான் இருக்கும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட நாணயம் சட்டப்படி தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி அதைத் தொழிலாக விற்க உரிமம் வேண்டும். அது என்னிடம் இல்லை. ஆகவே அவற்றை விற்பதில்லை. பழையவற்றைப் பார்ப்பேன், படிப்பேன், யாராவது கேட்டால் சொல்வேன். அவ்வளவுதான்.

நாணயக் கண்காட்சி என்றால் மியூசியம் போல் அமைதியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் 'நாண்யதர்ஷினி', புனேயில் 'காயினெக்ஸ்', கல்கத்தாவில் 'முத்ரா உத்சவ்' என்று சங்கங்கள் நடத்துகின்றன. ஒரு மண்டபம், வரிசை வரிசையாக மேஜைகள், மேஜைக்கு வாடகை. கல்யாணத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிப்பது போல் கூட்டம். என்னைப் போன்றவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு மேஜை எடுப்போம். மேஜை மீது ஆல்பங்கள், ஒரு பெரிய தட்டில் கலந்து கொட்டிய சில்லறைக் காசுகள், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு காந்தம், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு. இவை போதும்.

போய் வருவதுதான் சிரமம். உலோகம் பாருங்கள், சின்னப் பெட்டியே கல்லாகக் கனக்கும். பெங்களூருக்கு விடியற்காலை ரயில், சென்னைக்கு இரவு காவேரி எக்ஸ்பிரஸ். பெட்டியைப் பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டுவேன். விலை உள்ள பத்துப் பதினைந்து காசுகள் மட்டும் தலைமாட்டுப் பைக்குள். எதிரே இருப்பவர், "என்ன சார், வெயிட்டா இருக்கு?" என்றால் "புஸ்தகம்" என்பேன். பாதி உண்மைதான், ஆல்பமும் புஸ்தகம்தானே! அகத்துக்காரி கட்டித் தரும் புளியோதரை முதல் நாள் மத்தியானம் வரை தாங்கும்.

கண்காட்சி தொடங்குவதற்கு முதல் நாள் மாலையே நல்ல சரக்கில் பாதி கைமாறிவிடும். வியாபாரிகள் தங்களுக்குள் ஒருவர் பெட்டியை ஒருவர் திறந்து பார்த்து வாங்கிக்கொள்வார்கள். ரசீது பிற்பாடுதான் வரும். அந்த நேரத்தில் வாய்ச்சொல்தான் பத்திரம். "இது சரியில்லேன்னா அடுத்த ஷோவுல திருப்பிக் குடுத்துடுங்கோ" என்பார் ஒருவர். திருப்பிக் கொடுத்தால் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார். அப்படி வாங்கிக்கொள்ளாதவரிடம் மறு வருஷம் யாரும் போகமாட்டார்கள். இந்தத் தொழிலில் மூலதனம் என்பது அதுதான்.

மறுநாள் பொதுஜனம் வரும்போது பெரிய விற்பனை அபூர்வம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தட்டைச் சூழ்ந்துகொள்வார்கள். 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணாவை எடுத்து, "தாத்தா, இதுல ஏன் ஓட்டை?" என்பார்கள். உலக யுத்தத்தில் செம்பு தட்டுப்பாடு, மிச்சம் பிடிக்க ஓட்டை போட்டார்கள் என்பேன். வருஷத்துக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா என்று இன்றைய காசுகளைப் படிக்கக் கற்றுக்கொடுப்பேன். மேஜை வாடகை, தங்கும் செலவு, ரயில் சார்ஜ் மூன்றும் தேறினால் அது நல்ல கண்காட்சி. பல தடவை தேறுவதில்லை.

இனி போலிகளைப் பற்றிச் சொல்கிறேன். முக்கியமாக இதைச் சொல்லத்தான் வந்தேன்.

வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1835 முதல் ஒரே அளவு: 180 கிரெய்ன், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போலி செய்பவன் எடையைச் சரியாக வைத்துவிடுவான். அடர்த்தியை வைப்பது கஷ்டம். இங்கே நமக்கு ஆர்க்கிமிடீஸ் கை கொடுக்கிறார். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நல்ல ரூபாயானால் தராசு ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்து வெள்ளிப் பூச்சுப் பூசியதானால் 1.3-ஐத் தாண்டும். 1940 முதல் 1945 வரை யுத்தகால ரூபாயில் பாதிதான் வெள்ளி, அதற்கு 1.22 அளவில் வரும். 1947 ரூபாய் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டும். நாற்பது வினாடிப் பரிசோதனை. பள்ளிக்கூடத்தில் படித்தது எழுபது வயதில் சோறு போடுகிறது!

ஆனால் எல்லாப் போலியும் அடர்த்தியில் சிக்காது. 1939-ஆம் வருஷ ரூபாய் மிக அரிது. 1938 ரூபாயில் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பார்கள். உலோகம் அசல், எடை அசல், அந்த ஓர் எண் மட்டும் பொய். அதைக் கண்ணாடி வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அசல் காசுக்கும் சுவையான கதைகள் உண்டு. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தபோது, அரசர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று ஜனங்கள் முகம் சுளித்தார்கள். அடித்த 94 லட்சத்தில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிற்று. மிச்சத்தை உருக்கிவிட்டு, மறு வருஷம் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றே இன்றும் பெயர்.

நம் மைசூருக்கு வருவோம். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் நரசிம்மர் உருவம் போட்டு அடித்த தங்கப் பணம் அரை கிராம்கூட இராது. பொட்டு மாதிரி இருக்கும். திப்பு சுல்தானின் செப்புக்காசில் யானை. பிற்காலத்தில் அவர் கொண்டுவந்த மௌலூதி ஆண்டு முறையில் எண்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தோடு, 1843-இல், மைசூர் அரசின் நாணயச்சாலை மூடப்பட்டது. இன்று நம் ஊரில் ரிசர்வ் வங்கியைச் சார்ந்த அச்சகம் 1996 முதல் நோட்டு அச்சடிக்கிறது. ஆனால் காசு இங்கே அடிக்கப்படுவதில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுற்றுலா வருபவர்களிடம் "வயல்ல கிடைச்சுது சாமி" என்று மண் பூசிய திப்பு காசை நீட்டுவார்கள். நிஜமாகவே மண்ணில் கிடைத்த புதையலானால் அதைக் கலெக்டருக்குத் தெரிவிப்பது சட்டம். போலியானால் உங்களுக்கு நஷ்டம். அசலானால் உங்களுக்கு வழக்கு. இரண்டு வகையிலும் வாங்காமலிருப்பதே க்ஷேமம்.

நம் வீடுகளில் பூஜையறையில் இருக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ ஆஞ்சநேயரோ, மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரை அணா' என்று இருக்கும். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அவை பிற்காலத்தில் செய்த பக்திப் பில்லைகள். பூஜையில் வைத்து நமஸ்காரம் செய்யலாம், தவறில்லை. கோடி ரூபாய் என்று ஒருவன் சொன்னால் நம்பக்கூடாது. இதே பில்லையை வைத்துத்தான் 'இரிடியம் கலந்தது, அரிசியை இழுக்கும்' என்று ஏமாற்றுகிறார்கள். இரிடியம் அரிசியை இழுக்காது. எந்த உலோகமும் இழுக்காது. அரிசியில் இரும்புத்தூள் ஏற்றிவிட்டு, பில்லைக்குப் பின்னால் காந்தம் வைத்தால் இழுக்கும்.

பெங்களூரில் ஒரு கண்காட்சியில் வயதான மாமி ஒருவர் பேரனோடு என் மேஜைக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய காசு. "மாமா, இதுல ஒரு வைஷ்ணவ தேவி காசு இருக்கு. அஞ்சு லட்சம் தரேன்னு போன்ல ஒருத்தர் சொன்னார். பதிவுக் கட்டணம்னு ரெண்டு தடவை பணம் அனுப்பியாச்சு. இப்போ வரி கட்டணும்னு இன்னும் கேக்கறார். நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். 2012-இல் வெளிவந்த காசு அது. அதே காசு என் சில்லறைத் தட்டில் நாலு கிடந்தது. எடுத்துக் காட்டினேன். மாமி ஒன்றும் பேசவில்லை. பேரன்தான், "பாட்டி, இனிமே அனுப்பாதே" என்றான். ஆத்துக்காரரின் பென்ஷனிலிருந்து மிச்சம் பிடித்த பணமாம். போலீஸில் புகார் எழுதப் பேரனுக்கு உதவினேன். என் கைக்குத் தெரிந்தது அதுதான். முப்பது வருஷம் கடிதம் எழுதிய கை.

அன்பர்களே, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் விவகாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, யாரிடமும் கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, தன் சார்பில் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் தரவில்லை என்று. இதை உங்கள் அகத்தில் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். வாங்குகிறவன் பணம் தருவான். விற்கிறவனிடம் பணம் கேட்கமாட்டான். இந்த ஒரு வாக்கியம் போதும்.

அப்படியானால் வீட்டில் இருக்கும் பழங்காசுக்கு மதிப்பே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1984-இல் ஒரு பாண்டியர் காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரைப் படித்தார். இலக்கியத்தில் மட்டும் கேட்ட பெயர் உலோகத்தில் வந்து நின்றது. யாரோ எடை போட்டு உருக்கியிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்குமா? எங்கே கிடைத்தது, யார் கை மாறி வந்தது என்று தெரிந்தால் அந்தக் காசு சரித்திரம். தெரியாவிட்டால் வெறும் செம்பு.

ஆகையால் நான் வேண்டுவது நாலு காரியம்.

முதலாவது, புளி, விபூதி, பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் கறுப்பு நிறம்தான் காசின் வயதுக்குச் சாட்சி. தேய்த்த காசுக்கு வியாபாரி பாதி விலையும் தரமாட்டான். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையிலும் வேண்டாம். நாளாவட்டத்தில் அது அமிலம் விட்டுப் பச்சை பிடிக்கச் செய்யும். காகித உறை நல்லது.

இரண்டாவது, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள்: யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது. கொள்ளுத்தாத்தா கும்பகோணத்தில் வாங்கிய சம்பளமா, பாட்டியின் காசுமாலையில் இருந்து கழன்றதா? சொல்லத் தெரிந்தவர் இருக்கும்போதே எழுத வேண்டும்.

மூன்றாவது, விற்பதானால் கண்காட்சிக்குப் போய் மூன்று மேஜையில் காட்டுங்கள். மூன்று பேர் சொல்லும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அதுதான் விலை. சேகரித்தவர் போனபின் பெட்டியோடு நகைக்கடையில் எடைக்குப் போடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

நான்காவது, அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு ஆசையாகப் பழைய ரூபாயைக் கொடுத்தனுப்பாதீர்கள். நூறு வருஷம் கடந்த நாணயத்தை நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. விக்டோரியா காசு மட்டுமில்லை, வருஷா வருஷம் ஐந்தாம் ஜார்ஜ் காசுகளும் ஒவ்வொன்றாக அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பேரன் லீவுக்கு வரும்போது இங்கேயே காட்டுங்கள்.

எதற்காகப் பெட்டியைத் தூக்குகிறேன் என்று கேட்டார்கள். லாபத்துக்கு இல்லை என்பது கணக்குப் புஸ்தகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு காசைக் கையில் வாங்கி, "இது அசல்", "இது போலி" என்று பயமில்லாமல் சொல்லக்கூடிய இடம் ஒன்று வேண்டும். கண்காட்சி மேஜை அப்படி ஓர் இடம். உடம்பு இடம் கொடுக்கும் வரை போவேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தராசும் கண்ணாடியும் கொண்டு வருகிறேன். வீட்டில் இருப்பதை எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை. ஒரு டம்ளர் காபி போதும்.