தகரப் பெட்டிக்குள் இருக்கும் கட்டர்கள்



ஃபஹாஹீலில் எங்களுக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தார் சென்ற மாதம் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள. ஊரில் மணிக்கூடு திருத்தும் கடை வைத்திருந்த தகப்பனார், இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் விடாமல் தூக்கித் திரிந்த பெட்டி. உள்ளே நாணயம் அளவில், ஓரமெல்லாம் பல் வைத்த உருக்கு வட்டுகள். "பழைய இரும்புக்குப் போடலாமோ அண்ணை?" என்று கேட்டார்கள். போட வேண்டாம் என்றேன்.

அவை மணிக்கூட்டின் உதிரிப்பாகங்கள் அல்ல; உதிரிப்பாகம் செய்கிற கருவிகள். பழைய சுவர் மணிக்கூட்டில் ஒரு பற்சில்லு உடைந்தால், இன்று அதைக் கடையில் வாங்க முடியாது. பித்தளைத் தகட்டில் புதிதாக வெட்டத்தான் வேண்டும். கட்டரின் விளிம்பு எந்த வடிவமோ, அதுதான் இரண்டு பற்களுக்கு நடுவே விழும் பள்ளத்தின் வடிவம். ஒரு பள்ளம் வெட்டி, தகட்டை அளவாகத் திருப்பி, அடுத்த பள்ளம். 64 பல் என்றால் 64 தரம்.

இது மணிக்கூட்டுக்கு உரியதா, வேறு யந்திரத்துக்கு உரியதா என்று அறிய, விளிம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மணிக்கூட்டுக் கட்டரின் நுனிப்பக்கம் ஏறக்குறைய நேராக இருந்து, பிறகு வளைந்து அகலும். யந்திரக் கட்டரில் பக்கம் முழுவதும் ஒரே வளைவாக ஓடும். 1 முதல் 8 வரை ஓர் எண்ணும், 14½ அல்லது 20 பாகை என்ற குறிப்பும் பெரும்பாலும் பொறித்திருக்கும்.

பினியன் என்கிற சிறு உருக்குச் சில்லுக்கு 6, 7, 8 என்று சில பற்களே உண்டு. பெரிய சில்லில் 60 பல்லுக்கும் 80 பல்லுக்கும் ஒரே கட்டர் பொதுவாகப் போதும். பினியனில் அது நடக்காது; பல் எண்ணிக்கை மாறினால் கட்டரும் மாறும். ஆகவே கட்டரில் இப்படியொரு சின்ன எண் இருந்தால், அது பினியனின் பல் எண்ணிக்கையாக இருக்கலாம்.

மற்றது மொடியூல். கணக்காளனான எனக்குப் பிடித்த இடம் இதுதான். பொருந்திச் சுற்றும் இரண்டு சில்லுகளின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து, இரண்டால் பெருக்கி, இரண்டின் பற்களையும் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். தூரம் 18, பற்கள் 64உம் 8உம் என்றால், 36ஐ 72ஆல் வகுக்க 0.5. அந்த மணிக்கூட்டுக்கு 0.5 மொடியூல் கட்டர் தேவை.

பழைய கட்டர்கள் சிலவற்றில் மொடியூல் இராது, செய்தவரின் சொந்த இலக்கமே இருக்கும். பிரான்சின் குளூஸ் நகரத்துக் கார்ப்பானோ முத்திரை பேர்போனது. 1844இல் தீயில் எரிந்துபோன ஊர் அது. 1848இல் அங்கே மணிக்கூட்டுத் தொழிற் பள்ளி தொடங்கியது. (அதே பெயர்வழி வந்த நிறுவனம் பிற்காலத்தில் மிட்செல் தூண்டில் சுருள்களைச் செய்தது. மீன்பிடிக்கிறவர்கள் அறிவார்கள்.) இலக்கம் விளங்காவிட்டால் கழிவுப் பித்தளையில் ஒரு பள்ளம் வெட்டி, தெரிந்த சில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் வெட்டும் பல்லும், மிச்சத்தில் பல்லில்லாத மெல்லிய விளிம்பும் உள்ளவை வேறு வகை. அவை புதிதாக வெட்டுவதில்லை. ஏற்கெனவே வெட்டிய பற்களை உருட்டிச் சீர்செய்பவை. கைக்கடிகாரம் பார்த்தவர்களின் பெட்டிகளில் அவற்றை எதிர்பார்க்கலாம்.

கடைசியாக, உடைந்த ஆணி போலக் கிடக்கும் உருக்குத் துண்டுகள். முதலில் எறியப்படுபவை இவைதான். நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பல்லின் பள்ள வடிவத்தில் அராவியிருந்தால், அது திருத்துபவர் தன் கையால் செய்த ஒற்றைப்பல் கட்டர். எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஏதோ ஒரு மணிக்கூட்டுக்காகவே செய்தது; கூட ஒரு சீட்டு இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள்.

இங்கே கடற்காற்று. மண்தாள் போடாமல் மெல்லிய எண்ணெய் பூசி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கடதாசியில் சுற்றி வையுங்கள். மழுங்கிய வட்டுக் கட்டரைத் தீட்டுவதென்றால் பல்லின் முன்முகத்தில் மட்டும் தீட்ட வேண்டும். பக்கங்களைத் தொட்டால் வடிவம் போய்விடும்.